லென்ஸ் இல்லாத கேமராவோடு ஒரகடத்தில்

ஒரகடத்துக்கு யார் போவது என்று ஆபீசில் கேட்டபோது எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தார்கள். ஒருத்தருக்குப் பிள்ளையின் பரீட்சை. இன்னொருத்தருக்கு மாமியாரின் கண் ஆபரேஷன். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அம்மா போனபிறகு மலேசியாவில், கிள்ளான் அடுக்குமாடி வீட்டில் நானும் ஒரு சோற்றுச் சட்டியும்தான். "வாசுகிக்குத் தமிழும் தெரியும்" என்றார் மேலாளர். அதோடு பேச்சு முடிந்தது. கார் வயர்களின் முனைகளை அழுத்திப் பொருத்தும் எங்கள் இயந்திரத்தை அங்கே ஒரு தொழிற்சாலையில் ஓடவைத்து, லைனில் நிற்கும் பெண்களுக்குப் பழக்கிவிட்டு வரவேண்டும். ஏறக்குறைய ஒரு மாதம்.

பெட்டியில் துணிகளுக்கு நடுவே ஒரு கேமராவை வைத்தேன். கிள்ளானில் ஒரு ஸ்டூடியோவைக் காலி செய்தபோது வாங்கியது. ஃபிலிம் போடும் பழைய ஜப்பான் கேமரா. ரேஞ்ச்ஃபைண்டர் என்பார்கள். மற்றக் கேமராக்களில் லென்ஸ் வழியாகவே பார்க்கிறோம். இதில் பார்ப்பதற்கென்று மேலே ஓரத்தில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதன் நடுவில் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும்; ஒன்றானால் ஃபோகஸ் சரி. எனக்குக் கிடைத்ததில் லென்ஸ் இல்லை. யாரோ முந்திக்கொண்டு அதைத் தனியாக வாங்கிப் போயிருந்தார்கள். கோலாலம்பூரில் ஒரு கடையில் லென்ஸ் விலை கேட்டேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

லென்ஸ் இல்லாவிட்டாலும் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம் என்பதுதான் இந்த ரகத்தின் வேடிக்கை. நடுவில் மட்டும் எல்லாம் இரட்டையாகவே நிற்கும். இந்தியாவில் மலிவாக ஒரு லென்ஸ் கிடைக்கும் என்று எவரோ இணையத்தில் எழுதியிருந்தார். வேலைக்காக எத்தனையோ ஊர்கள் போயிருக்கிறேன். எல்லா ஊரிலிருந்தும் இயந்திரங்களின் படங்களைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு முகம் வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். என் பெயர் தெரிந்த ஒரு ஆளின் முகம்.

ஸ்ரீபெரும்புதூரில் லாட்ஜ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் பஸ் ரோடு. இறங்கிய அன்று வரவேற்பில் இருந்தவரிடம் ரயில்வே ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டேன். "ஸ்டேஷனா? இங்க கெடையாதுங்க. கம்பெனி பஸ்ஸுதான் இருக்கு" என்றார். அது உண்மைதான். விடிவதற்குள் ரோட்டோரம் முழுக்க வெள்ளை பஸ்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிய பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். எங்கள் ஊரிலும் ஃபேக்டரி பஸ் உண்டு. ஆனால் அங்கே ஏறியதும் அரட்டை தொடங்கிவிடும். இங்கே ஏறியதும் தூங்கிவிடுகிறார்கள்.

மறுநாளே தவறான பஸ்ஸில் ஏறினேன். எல்லாம் ஒரே வெள்ளை. முன் கண்ணாடியில் இருக்கும் அட்டையைப் படிக்கவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பாதி வழியில் சந்தேகம் வந்து பக்கத்தில் தூங்கிய பெண்ணை மெல்லத் தட்டினேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "இன்னாக்கா, இது டயர் கம்பெனி பஸ்" என்றாள். பிறகு கண்ணைத் திறந்து என் அட்டையைப் பார்த்தாள். "அய்ய, உங்க கம்பெனி அந்தாண்ட பக்கம். கேட்டாண்ட எறங்கி ஆட்டோ புடிங்க." திரும்பவும் தூங்கிவிட்டாள். அன்று முழுவதும் வேலை அல்லாத பேச்சு என்று என்னிடம் பேசியவள் அவள் ஒருத்திதான்.

தொழிற்சாலையில் மரியாதைக்குக் குறைவில்லை. "மேடம், லைன் நிக்கக்கூடாது மேடம்" என்று சூப்பர்வைசர் சுற்றிச் சுற்றி வந்தார். பெண்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். ஆனால் ஷிப்ட் முடிந்ததும் பஸ் பிடிக்க ஓடுவார்கள். அடுத்த வாரம் ஷிப்ட் மாறி வேறு முகங்கள் நிற்கும். கேன்டீனில் நான் உட்கார்ந்தால் அந்த மேசையில் மட்டும் பேச்சு நின்றுபோகும். சாம்பார் சாதம் நன்றாகவே இருந்தது. தனியாகச் சாப்பிடுவதற்கு அவ்வளவு நன்றாக இருக்க வேண்டியதில்லை.

மாலையில் டீக்கடையில், ஊர்ப் பழக்கத்தில், "அண்ணே, ஒரு தண்ணி கலக்குங்க" என்றுவிட்டேன். எங்கள் ஊரில் டீ, காப்பி, மைலோ எல்லாமே தண்ணிதான். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, "இங்க டீ மட்டுந்தாம்மா" என்றார். பரோட்டாவும் அப்படித்தான். எங்கள் ஊரில் தட்டி உதறிப் பருப்புக் குழம்போடு தருவதற்கும் இங்கே சால்னாவில் ஊறவைத்துத் தருவதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. சால்னா எனக்குப் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை ராமானுஜர் கோயிலுக்குப் போனேன். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் திரும்பி, "தனியாவா வந்திருக்கேள்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாருமே வரலையா கூட?" ஆமாம் என்றேன் மறுபடியும். பாவம், அவர் அக்கறையாகத்தான் கேட்டார். தொன்னையில் வாங்கிய புளியோதரையைப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தேன். கேமராவை எடுத்து ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற பையன்கள் பார்த்துவிட்டார்கள். தோளில் கை போட்டுக்கொண்டு, இரண்டு விரலைக் காட்டி, எனக்காக நின்றார்கள். அவர்கள் ஏமாந்துபோகக் கூடாதே என்று ஷட்டரை அழுத்தினேன். உள்ளே ஃபிலிம் கிடையாது, முன்னால் லென்ஸும் கிடையாது. கட்டை விரலை உயர்த்திவிட்டு பஸ் ஏறிப்போனார்கள். கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அன்றைக்கே பழைய பொருள் விற்கும் இணையதளத்தில் தேடினேன். தொலைவில் இல்லை, வடக்குப்பட்டில் ஒருத்தர் மூன்று லென்ஸ் வைத்திருந்தார். திருகாணி போலச் சுழற்றி மாட்டும் ரகம், என் கேமராவுக்குச் சரியாகப் பொருந்துவது. விலையும் கட்டுப்படியாகும். போன் செய்தேன். பெண் குரல். "நாளைக்கு சண்டே. சர்ச்சுக்குப் போய்ட்டு வந்துருவேன். பதமா வா மா, லாரி ஜாஸ்தி."

ஷேர் ஆட்டோவில் ஒரகடம் வந்து, அங்கிருந்து இன்னொரு ஆட்டோ. கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியில் ஆட்டோக்காரர் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டார். இரண்டு மாடி வீடு. கீழே வரிசையாக அறைகள். கொடியில் கம்பெனிச் சட்டைகள் காய்ந்தன. எல்லாம் வாடகைக்கு இருக்கும் தொழிற்சாலைப் பையன்கள். மேலே ஸ்டெல்லா. என் வயதுதான் இருக்கும். பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் நர்ஸ். குவைத்தில் பல வருஷம் இருந்தவர். கணவர் இறந்துவிட்டார். மகளை பெங்களூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இதெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

"சிஸ்டர், லென்ஸ்..." என்றேன்.

"லென்ஸ் எங்கியும் ஓடிடாது. சாப்ட்டியா?"

"பசியாறிட்டேன்."

"அது இன்னாது, பசியாறிட்டேன்னு? நல்லா கீதே!" சிரித்துக்கொண்டே மீன் குழம்பை இறக்கினார். அன்றிலிருந்து எனக்கு மலேசியா என்று பெயர்.

சாப்பிட்ட பிறகுதான் மூன்றும் வெளியே வந்தன, மருந்து டப்பாவில், பஞ்சுக்கு நடுவில். ஒன்று ஐம்பது மில்லிமீட்டர், ரஷ்யாக்காரன் செய்தது. கண்ணாடியில் லேசான கீறல்கள், திருகும்போது உள்ளே இருக்கும் மசகு இறுகிப்போய் முரண்டு பிடித்தது. இரண்டாவது முப்பத்தைந்து, ஜப்பான். பார்க்க அழகு, மூன்றிலும் அதற்குத்தான் விலை அதிகம். மூன்றாவது நீளமாக ஒரு தொண்ணூறு. யாருக்கும் வேண்டாததால் ஆகக் குறைந்த விலை.

என் மனம் தொண்ணூறில்தான் நின்றது. விலையும் தோது. அதைவிட, தூரத்தில் நின்றபடியே முகத்தை எடுத்துவிடலாம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் இருக்கிறவரை எடுக்கலாம். யாரிடமும் போய்ப் பேச வேண்டியதில்லை. இதை அப்படியே சொல்லியும்விட்டேன்.

"ரோட்டுக்கு அந்தாண்ட கீறவன் உனக்கு இன்னா ஒறவு? அவன் மூஞ்சிய வெச்சிகினு நீ இன்னா பண்ணப்போற?" என்றார் ஸ்டெல்லா. எனக்குக் கோபம் வந்தது.

அவரிடம் லென்ஸ் மட்டும் இருந்து கேமரா இல்லாமல் போன கதையையும் அன்று கேட்டேன். குவைத்தில் ஒரு டாக்டரிடம் வாங்கிய கேமரா. இங்கே வந்த புதிதில் மொட்டை மாடிக் கட்டையில், லென்ஸ் வானத்தைப் பார்க்க வைத்துவிட்டுத் துணி காயப்போட்டிருக்கிறார். இந்த ரகக் கேமராவில் ஷட்டர் என்பது ரப்பர் பூசிய துணித் திரை. அதை மறைக்க முன்னால் வேறு எதுவும் கிடையாது. லென்ஸ் வழியாக வெயில் குவிந்து திரையைப் பொசுக்கி ஓட்டை போட்டுவிட்டது. "ஒரு பக்கெட் துணி காயப்போடற நேரம். அவ்ளோதான், பூட்ச்சு" என்றார். அதனால் அவர் வீட்டில் ஒரு சட்டம். படம் எடுத்த மறுநொடி லென்ஸுக்கு மூடி போட்டுவிட வேண்டும். வெயிலுக்காகவும்தான், ஒரகடத்துப் புழுதிக்காகவும்தான். "ஊசிய யூஸ் பண்ணிட்டு மறுபடி மூடாதேன்னு நர்ஸுங்களுக்குச் சொல்லிக் குடுப்பாங்க. லென்ஸுக்கு அப்டியே தலகீழ். மூடு மலேசியா, மூடு!"

எதை வாங்குவது என்று முடிவெடுக்க அவர் விடவில்லை. "இன்னா அவசரம் இப்போ? அடுத்த சண்டே வா. மூணையும் மாட்டிப் பாத்துட்டு எடு." நானும் ஆட்டோவில் திரும்பும்போது கணக்குப் போட்டேன். ஊர் திரும்ப இன்னும் நாள் இருந்தது. எனக்கும் அவசரம் இல்லை.

அந்த வாரம் கேன்டீனில் உட்கார்ந்தபோது ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வாங்கிப் போகலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாம்பார் சாதம் முதல் வாரத்தைவிடச் சுலபமாகத் தொண்டையில் இறங்கியது.

இரண்டாம் ஞாயிறு மொட்டை மாடியில் சோதனை. மூன்றையும் மாறி மாறி மாட்டி, கடைசிவரை திருகி, தொலைவில் தெரிந்த ஒரு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தோம். வந்த நாள் முதல் இரட்டையாகவே பார்த்துப் பழகிய என் ஜன்னலில் அந்தத் தொட்டி ஒன்றாகச் சேர்ந்து நின்றபோது, கைதட்டிவிட்டேன். கீழ் அறைப் பையன் ஒருவன் மேலே எட்டிப் பார்த்து, "சிஸ்டர், போன்லயே சூப்பரா வருமே" என்றான். "போய்த் தூங்குடா, நைட் ஷிப்ட் ஆளு நீ" என்று துரத்தினார் ஸ்டெல்லா.

முப்பத்தைந்தில் ஒரு சிக்கல். என் கேமரா ஜன்னல் ஐம்பதுக்கென்று செய்தது. முப்பத்தைந்து மாட்டினால், அது பார்க்கிற அளவுக்கு அகலமாகக் காட்ட, கேமராவின் தலையில் செருகும் தனி ஜன்னல் ஒன்று வேண்டும். "எங்கியோ வெச்சேன் மா. தேடணும். அடுத்த வாரம் எடுத்து வெக்கிறேன்" என்றார். அவர் டீ போட உள்ளே போனார். பஞ்சு எடுக்க அலமாரியைத் திறந்தேன். இருமல் மருந்துக்குப் பின்னால், கண்ணுக்கு நேராக, அந்தக் குட்டி ஜன்னல் இருந்தது. தூசிகூட இல்லை. அலமாரியைச் சத்தமில்லாமல் மூடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம் சிஸ்டர்" என்றேன். எனக்கும் அடுத்த வாரம் வேண்டியிருந்தது.

மூன்றாம் ஞாயிறுதான் கடைசி. மறுநாள் எனக்கு விமானம். ஸ்டெல்லா முகம் கொடுத்துப் பேசவில்லை. கறிக்குழம்பில் உப்பு அதிகம். சாப்பிட்டுக் கை கழுவியதும் தானே போய் அலமாரியிலிருந்து அந்த ஜன்னலை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார்.

"இது மொதல்ல இருந்தே இங்கதான் கீது."

"தெரியும். பார்த்தேன்."

"பாத்துட்டா சொல்லாம இருந்த?" நான் தலையாட்டினேன். "நான் எதையும் விக்கறதே இல்ல மலேசியா. வெளம்பரம் போட்டா யாராச்சும் வருவாங்க. உக்காந்து பேசுவாங்க. வித்துட்டா அப்புறம் யாரு வரப்போறாங்க இந்த வூட்டுக்கு? கீழ இத்தினி பேரு கீறாங்க, எல்லாம் தூங்கிகினு இருக்கறவங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு ஐம்பதை எடுத்தேன். கீறல் இருந்தால் என்ன, கேமரா ஜன்னலுக்கு அதுதான் பொருத்தம். இன்னொன்றும் இருந்தது. அந்த லென்ஸ் ஒரு மீட்டர் வரை நெருங்கிப் போகும். முகம் ஒன்று வேண்டுமானால் அவ்வளவு கிட்டப் போய்த்தான் ஆக வேண்டும். தொண்ணூறைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் வைத்தேன். விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். அவரும் குறைக்காமல் வாங்கிக்கொண்டார். "சும்மா குடுத்தா பெட்டில போட்டு வெச்சிடுவ" என்றார்.

ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபிலிமைப் போட்டுக்கொண்டு, அவர் ஸ்கூட்டியில் மணிமங்கலம் போனோம். வழியில் ஸ்கூட்டி இரண்டு தடவை நின்றது, இறங்கித் தள்ளினேன். கோயில் நடை சாத்தியிருந்ததால் ஏரிக்கரையில் உட்கார்ந்தோம். ஒருத்தரை ஒருத்தர் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். நான் அவல் பொரி தின்னும்போது ஒன்று, ஸ்கூட்டியைத் திட்டும்போது ஒன்று, செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டும்போது ஒன்று என்று எடுத்துத் தள்ளினார். எடுத்த மறுநொடி, சட்டப்படி, மூடியைப் போட்டு என்னிடம் நீட்டுவார்.

அவரை எடுக்கும்போது மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். "கண்ணாடி போட்டா கெழவியாட்டம் வரும்." கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு ஏரி எங்கே, கரை எங்கே என்றே தெரியாது. ஒரு மீட்டர் தள்ளி நின்று, ஜன்னல் நடுவில் இரண்டு ஸ்டெல்லாக்களைத் திருகித் திருகி ஒன்றாக்கினேன். இவ்வளவு கிட்டத்தில் ஒரு முகத்தை நான் பார்த்து நாளாகிவிட்டது. கன்னத்தில் அம்மைத் தழும்பு, நரைத்த புருவம், சிரிப்பை அடக்குகிற உதடு. அழுத்தினேன். ஒவ்வொரு தடவையும் நன்றாக வந்திருக்கிறது என்று நெஞ்சுக்குள் தெரிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமராவைப் பார்த்தவர், "பரவால்லியே, அதுக்குள்ள மூடிட்டியா? தேறிட்ட மலேசியா!" என்று மெச்சினார். எப்போது மூடினேன் என்று எனக்கு நினைவில்லை. கை பழகிவிட்டது போலும் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

விடைபெறும்போது அவர் அழவில்லை. கீழ் அறைப் பையன்களுக்குக் கேட்கும்படி, "போய்ட்டு போன் பண்ணு" என்று கத்தினார். ஆட்டோ திரும்பும்வரை நான்தான் அழுதேன்.

கிள்ளானில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்தேன். கடைக்காரப் பெண் சுருளை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். ஒரு கட்டத்தில் படம், அடுத்த கட்டம் வெறுமை, மறுபடி படம், மறுபடி வெறுமை. "லென்ஸ் மூடியை எடுக்க மறந்திருப்பீர்கள். இந்தக் கேமராவில் எல்லாரும் செய்வதுதான்; ஜன்னலில் தெரியாதே" என்றாள் மலாயில். ஸ்டெல்லா மூடி போட்டு நீட்டிய கேமராவை நான் அப்படியே வாங்கி அப்படியே அழுத்தியிருக்கிறேன். எடுத்த பிறகு நான் மூடியதாக அவர் நினைத்திருக்கிறார். ஒரு முகத்துக்காகப் போனேன்; அந்த முகம் ஒரு படத்தில்கூட இல்லை.

படங்களை வீட்டு மேசையில் பரப்பினேன். எல்லாவற்றிலும் நான். வாய் நிறையப் பொரியோடு நான், ஸ்கூட்டியைக் கைநீட்டித் திட்டும் நான், குனிந்து செருப்பைத் தட்டுகிற நான். ஒன்றிலும் கேமராவைப் பார்த்து விறைத்து நிற்கவில்லை. யாரோ என்னை ஒரு மீட்டர் தூரத்தில் நின்று, அவசரமில்லாமல், பிரியமாகப் பார்த்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் பார்க்கவில்லை.

போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் மூச்சுமுட்டச் சிரிப்பு. "மூடியா? அய்யோ, நான்ல்ல அத மெச்சிகினேன்!" சிரித்து ஓய்ந்ததும் குரல் இறங்கிவிட்டது. "அப்போ என் மூஞ்சி உன்னாண்ட இல்லியா?"

"இல்லை ஸ்டெல்லா."

"வெளம்பரத்த எடுத்துட்டேன் மலேசியா. இனிமே யாரும் வரமாட்டாங்க. சொல்லிட்டேன், ஆமா."

அடுத்த திங்கள் கூட்டத்தில் மேலாளர் கோப்பைப் புரட்டிக்கொண்டே, ஒரகடத்தில் இரண்டாவது இயந்திரம் மாட்ட வேண்டியிருக்கிறது என்று ஆரம்பித்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கைப்பேசியைப் பார்த்தார்கள். யார் போவது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கியிருந்தேன்.